பதினோரு தப்பும் என்னோடது

அந்தப் போன் சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க சார். காது வலிக்குதுன்னு சொல்லல. அது யாரு எடுத்த வீடியோ? தெரியாது. யாரு அனுப்புனது? மச்சினன். மச்சினனுக்கு யாரு அனுப்புனது? அதுவும் தெரியாது. எவனோ ஒருத்தன் முதுகு ஒடிய ஒக்காந்து எடுத்தது உங்க கைக்குச் சும்மா வந்துருச்சு, நீங்க சிரிச்சுக்கிட்டு வர்றீங்க. கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா நான் இப்படித்தான் இருக்கேன். யாரு கையில போனைப் பாத்தாலும் இது யாரோடது, யாரைக் கேட்டு எடுத்தேன்னு வாயில வந்துருது. வீட்ல பேசுறதையே நிறுத்திட்டாய்ங்க.

பையை அங்கிட்டு நகட்டுங்க, நல்லா ஒக்காந்துக்கிறேன். மதுரைக்கா? நான் உசிலம்பட்டியில எறங்கிருவேன். எம்மக சுகந்தி அங்க தாலுகா ஆபீஸ்ல இளநிலை உதவியாளர். அவகிட்ட ஒரு தாளை வாங்கணும், ஒரு கையெழுத்து வாங்கணும். அம்புட்டுத்தான் சோலி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கோர்ட்ல கேஸு பதிவாகி நம்பர் விழணும். ஆகலைன்னா ஒரு பொம்பளப்புள்ள என்னை ஜெயிச்சுட்டான்னு ஆயிரும். அது மட்டும் நடக்காது.

போடியில தவமணி ஸ்டடி சர்க்கிள்னு கேளுங்க. நான்தான் தவமணி. உங்களுக்குத் தெரியாது, பரவால்ல. குரூப் ஃபோர் பரிச்சைக்குப் படிக்கிற புள்ள இருக்கிற வீட்ல போயிக் கேட்டா தெரியும். பொது அறிவுக்கு நான் ஒரு மெட்டீரியல் போட்டேன். எண்ணூத்தி நாப்பது பக்கம், மூவாயிரத்துச் சொச்சம் கேள்வி, பதிலோட. அச்சுப் புத்தகம் கெடையாது, பூராம் பிடிஎஃப். போன்லயே படிச்சுக்கலாம். நாலு வருசம் சார். ஆறாம் கிளாசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு பாடப்புத்தகம் விடாம கரைச்சுக் குடிச்சு, கேள்வியா மாத்தி, வரிசைப்படுத்தி, எம்பொண்டாட்டி படிக்கப் படிக்க நானே டைப் அடிச்சேன். வலது தோள்பட்டை இன்னைக்கும் மேல தூக்க வராது.

பாடப்புத்தகத்துல இருந்து எடுத்தது எப்படி உன்னோடது ஆகும்னு கேக்குறீங்க. எல்லாரும் இதையேதான் கேக்குறாய்ங்க. பாலு மாட்டோடது, சரி. தயிரு யாரோடது? ஒற ஊத்துனவன் தயிரு. இதுக்கு மேல எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது.

மொத வருசம் ஒரு திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வெளியிட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் டெலிகிராம்ல ஏதோ ஒரு குரூப்ல கெடக்கு. 'முற்றிலும் இலவசம், நண்பர்களுக்குப் பகிரவும்'னு மேல ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்துலயும் எம்பேரையும் போன் நம்பரையும் மங்கலாப் போட்டிருந்தேன், அதையும் அழிச்சுட்டாய்ங்க. பொய் சொல்லல சார், எனக்கு அழுகையே வந்துருச்சு. கேட்டா, இது பாடப்புத்தகத்துல இருக்கிறதுதானே, நாங்களே தயாரிச்சோம்னு பதிலு போடுறாய்ங்க. எப்படி நிரூபிப்பீங்க? அசோகர் அசோகர்தான், நான் எழுதினாலும் அவன் எழுதினாலும்.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல, சொந்தப் புத்தி. அடுத்த வருசப் பதிப்புல பதினோரு கேள்விக்கு வேணும்னே தப்பான பதிலு வெச்சேன். எலிப்பொறி சார். நான் வெச்ச தப்பு ஒலகத்துல வேற எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. அவன் பிடிஎஃப்ல அது இருந்துச்சுன்னா அவன் எங்கிட்ட எடுத்தான்னு அர்த்தம். தொட்டபெட்டா ஒசரம் ரெண்டாயிரத்து அறுநூத்தி முப்பத்தேழு மீட்டர். நான் ரெண்டாயிரத்து அறுநூத்தி எழுபத்திமூணுன்னு போட்டேன். கடைசி ரெண்டு நம்பரை மாத்திப்போட்டது, பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது. இப்படிப் பதினொண்ணு. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு வெக்கல. பத்து வருசக் கேள்வித்தாளை எடுத்துப் பரப்பி வெச்சு, இதுவரைக்கும் கேக்காதது எது, இனிமேலும் கேக்க மாட்டான்னு தோணுறது எதுன்னு பாத்துப் பாத்து வெச்சேன்.

பலிச்சதா இல்லையா கேளுங்க. மூணு டெலிகிராம் குரூப்பு மாட்டுச்சு. மூணு பேருக்கும் ஒரே வரிதான் அனுப்புனேன், நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல தொட்டபெட்டா ஒசரம் எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு. சாயங்காலத்துக்குள்ள மூணும் காணாமப் போச்சு. அன்னைக்கு நான் எம்பொண்டாட்டிகிட்ட, ஒரு மனுசன் மூளையில விளைஞ்சதுக்கு வேலி போட்டுட்டேன் பாருன்னு சொன்னேன். அவ, அதைப் படிக்கிற புள்ளைக என்னத்துக்கு ஆகும்னா. அவளுக்கு எப்பவும் அந்தப் பக்கந்தான்.

நீங்களும் அதைத்தான் கேக்கப் போறீங்க, மொகத்துல தெரியுது. மூவாயிரத்துல பதினொண்ணு சார். ஒரு மூட்டை அரிசியில பதினோரு கல்லு. எங்கிட்ட நேர்ல படிக்கிற புள்ளைகளுக்காவது சொல்லியிருக்கலாமேன்னா, சொன்னா மறுநா அதுவும் டெலிகிராம்ல வரும். அப்புறம் பொறிக்கு என்ன மரியாதை? ஒருத்தருக்கும் சொல்லல.

எம்மகளுக்குச் சொன்னேன். அவளும் அந்த வருசம் பரிச்சை எழுதினா. பெத்த அப்பன் சார், வேற எப்படி இருக்க முடியும்? தினசரிக் காலண்டர்ல அன்னைக்குத் தாளைக் கிழிச்சு, பின்னாடி என் கையெழுத்துல பதினொண்ணையும் எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுருன்னு சொன்னேன். கிழிக்கல, ஏதோ ஃபைல்ல வெச்சிருக்கான்னு அவ அம்மா பின்னாடி சொன்னா. அந்தத் தாளைத்தான் இப்ப வாங்கப் போறேன்.

இப்ப அந்த இன்னொருத்தி கதைக்கு வாறேன். பாண்டீஸ்வரி. தேவாரத்துல இருந்து பஸ் ஏறி எங்கிட்டப் படிக்க வருவா. ஒரு நா கூட லேட்டு கெடையாது, அதையும் சொல்லணும். எம்மகளும் அவளும் ஒரே பெஞ்சு. மத்தியானம் எங்க வீட்லதான் சோறு, ஒரே தட்டுல கூடத் தின்னுருக்குதுக. கணக்குல எம்மக மட்டம், அவதான் ஒக்காந்து சொல்லிக் குடுப்பா. இம்புட்டுப் பண்ணுன வீட்டுக்குத்தான் இன்னைக்கு ரெண்டகம் பண்றா.

அந்த வருசம் பரிச்சையில தொட்டபெட்டா வந்துருச்சு.

பத்து வருசம் கேக்காதவன் அன்னைக்குக் கேட்டான். நாலு பதில்ல ரெண்டு நம்பரும் இருக்கு, முப்பத்தேழும் இருக்கு, எழுபத்திமூணும் இருக்கு. பரிச்சை முடிஞ்சு சாயங்காலம் கேள்வித்தாளைக் கையில வாங்குனதும் அந்தக் கேள்வியை மூணு தடவை படிச்சேன், ஒத்துக்கிறேன். ஆனா கேள்வி எடுக்கிறவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எம்மகளுக்கு வேலை கெடைச்சது. பாண்டீஸ்வரிக்குக் கெடைக்கல. அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இப்பப் போடியில ஒரு ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டே சீலை விரிச்சுக் காட்டுறா.

சும்மா இருந்திருந்தா எனக்கும் அவ மேல பாவம்னுதான் இருந்திருக்கும். சும்மா இருக்கல. கடை வேலை முடிஞ்சு வந்து யூடியூப்ல ஒரு சேனலு நடத்துறா, பரிச்சைக்குப் படிக்கிற புள்ளைகளுக்கு. எந்த மெட்டீரியல் நல்லாருக்கு, எதுல தப்பு இருக்குன்னு பாத்துச் சொல்றாளாம். அஞ்சாறு பேரோட மெட்டீரியலை அலசிட்டு என்னோடதுக்கு வந்தா. மூணு வீடியோ. என் பக்கத்தை அப்படியே திரையில காட்டி, செவப்புக் கோடு போட்டு, இது தப்பு, சரியான விடை இதுன்னு பாடப்புத்தகத்தைப் பக்கத்துல காட்டுறா. பதினொண்ணும். ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. 'தவமணி சார் உழைச்சுப் போட்ட நல்ல மெட்டீரியல், இந்தப் பதினொண்ணை மட்டும் திருத்திக்கிட்டுப் படிங்க'ன்னு சொல்றா. அதுல ஒரு சாருப்பட்டம் வேற. திட்டியிருந்தா கூட இம்புட்டு எரியாது.

என் பக்கம் சார் அது. என்னைக் கேக்காம எப்படிக் காட்டலாம்? யூடியூப்காரனுக்கு எழுதிப் போட்டேன், என் சொத்தைத் திருடிக் காட்டுறான்னு. ஒரேடியாப் போடல, நாலு நாள் எடைவெளி விட்டு ஒண்ணு ஒண்ணாப் போட்டேன். மூணு புகார் நின்னுச்சுன்னா சேனலே காலியாம். மூணு வீடியோவையும் தூக்கிட்டாய்ங்க. அன்னைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாத் தூங்குனேன்.

அவ விடல. நான் திருடல, ஒரு படைப்பை விமர்சனம் பண்ண அதுல கொஞ்சத்தை எடுத்துக் காட்டலாம், அது நியாயமான பயன்பாடு, சட்டத்துல இருக்குன்னு மறுப்பு அனுப்பிட்டா. ஜவுளிக்கடையில சீலை மடிக்கிறவளுக்குச் சட்டம். அப்படி மறுப்பு வந்துட்டா பத்து வேலை நாளைக்குள்ள நான் கோர்ட்டுக்குப் போனதுக்கு அத்தாட்சி காட்டணுமாம். இல்லைன்னா வீடியோ பூராம் திரும்ப ஏறிரும். அந்தப் பத்தாவது நாளுதான் நாளைக்கு.

தேனியில வக்கீல் இருளப்பன்கிட்டப் போனேன். நல்ல வக்கீலுன்னு சொன்னாய்ங்க. எனக்கு அவரு அவளோட ஆளோன்னு சந்தேகம். எடுத்ததுமே, சார், காப்புரிமைச் சட்டத்துல அம்பத்திரண்டாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சார். விமர்சனத்துக்கு எடுத்தா தப்பில்லையாம், எவ்வளவு எடுத்தா, எதுக்கு எடுத்தா, அதைப் பாத்தவன் அப்புறம் ஒங்க புத்தகத்தை வாங்க மாட்டானா, இதையெல்லாம் கோர்ட்டு பாக்குமாம். எண்ணூத்தி நாப்பது பக்கத்துல பதினோரு பக்கம், ஒங்க பேரையும் சொல்லியிருக்கா, அந்தப் பதினோரு கேள்வியை வெச்சு எவனும் பரிச்சை பாஸ் பண்ண முடியாது, ஆகவே கேஸு நிக்காதுன்னுட்டார்.

பிடிஎஃப்புன்னா அப்படியே காப்பி எடுக்கலாமான்னு கேட்டேன். தாள்ல இருந்தாலும் போன்ல இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்னார். டெலிகிராம்காரன் மொத்தத்தையும் எடுத்துக் குடுத்தான், அது திருட்டு, இவ காட்டுறது திருத்தம்னார். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். சேரை நகட்டிட்டு எந்திரிச்சுட்டேன். அப்பத்தான் பளிச்சுன்னு ஒண்ணு தோணுச்சு.

சார், அந்தப் பதினொண்ணும் தப்பே கெடையாதுன்னேன்.

தொட்டபெட்டா எழுபத்திமூணு தப்பில்லையான்னு பாத்தார். தப்புன்னா தெரியாமப் பண்றது, இது நான் யோசிச்சுப் பண்ணுனது, எம்படைப்புன்னேன். மத்த மூவாயிரத்தையும் பாடப்புத்தகம்னு சொல்லுவாய்ங்க, ஊருக்குப் பொதுன்னு சொல்லுவாய்ங்க. இந்தப் பதினொண்ணை எவனாவது அப்படிச் சொல்ல முடியுமா? தமிழ்நாட்டுல ஒரு புத்தகத்துல காட்டச் சொல்லுங்க பாப்போம். ஆதியில இருந்து அந்தம் வரைக்கும் என் மூளையில இருந்து வந்தது இந்தப் பதினொண்ணுதான். அவ சரியா அதைத்தான் தூக்கியிருக்கா. படைப்பைப் பிழைன்னு சொன்னா அது எப்படி நேர்மையான விமர்சனமாகும்?

வக்கீலு, "தவமணி சார், யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும், ஆனா அதுகூட ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டுப் போடாது"ன்னார். கிண்டலு. நான் பிடிவாதமா நின்னேன். சரி, அப்படித்தான் கேஸ் போடணும்னா, வேணும்னேதான் வெச்சீங்கங்கிறதுக்கு ஆதாரம் வேணும், வெளியிடுறதுக்கு முன்னாடி எழுதினது, தேதியோட, சாட்சியோடன்னார். காலண்டர் தாளு இருக்கு சார்னேன், முன்பக்கத்துல தேதி, பின்பக்கத்துல என் கையெழுத்து, சாட்சிக்கு எம்மக. அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.

ஒங்க பொண்ணு கோர்ட்ல வந்து, எங்கப்பா தப்பான பதிலு எதுன்னு எனக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் குடுத்தாருன்னு சொல்லணும், புரியுதான்னு கேட்டாரு. புரியுதுன்னேன். அந்தப் பொண்ணு வேலை பாக்குற ஆபீஸ்ல, ஒங்ககிட்டப் படிச்ச ஐநூறு புள்ளைக வீட்ல, எல்லாத்துலயும் இது தெரிய வரும், அதுவும் புரியுதான்னு கேட்டாரு. நான் கேஸை எழுதுங்கன்னேன்.

அப்புறமா அவரு, புகாருக்கு முன்னாடி நான் போன்ல எறக்கி வெச்சிருந்த அந்த வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு பக்க நம்பரையும் குறிச்சுக்கிட்டே வந்தாரு. நானூத்திப் பன்னெண்டு, முப்பத்தெட்டு, அறுநூத்தி ஏழு, இருநூத்தி அம்பது, இப்படிப் போகுது. ஏன் சார் இந்தப் பொண்ணு தவளை மாதிரித் தாவுது, படிச்சுக்கிட்டே வந்து தப்புக் கண்டுபிடிக்கிறவ முப்பத்தெட்டுல ஆரம்பிச்சு மேல போயிருப்பாளேன்னாரு. அவ படிக்கிறப்பவே அப்படித்தான், ஒழுங்கு கெடையாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்தப் பதினொண்ணும் அவளுக்கு எப்படித் தெரிஞ்சதா?

தேடியிருப்பா. கெட்டிக்காரிதான், நான் இல்லைன்னு சொல்லல. மூவாயிரத்தையும் ஒண்ணொண்ணாச் சரிபாத்திருப்பா. ஆமா, டைப் அடிச்சப்ப எனக்கே தெரியாம விழுந்த பிழை ஒரு நாப்பது இருக்கும், எனக்கு அப்புறந்தான் தெரியும். இல்ல, அதுல ஒண்ணைக்கூட அவ தொடல. நீங்க என்ன சார், வக்கீலா? போலீசா? சும்மா பக்கத்துல ஒக்காந்து வந்தோமா போனமான்னு இருக்கணும். தூண்டித் துருவி எதுக்குக் கேக்குறீங்க?

தெரியும் சார். எனக்குத் தெரியாதா? மொதல்ல தொட்டபெட்டாதான் தோணுச்சு, அது நானூத்திப் பன்னெண்டு. அதை எழுதினேன். அப்புறம் முப்பத்தெட்டு. அப்புறம் அறுநூத்தி ஏழு. தோணத் தோண எழுதினேன், அந்தக் காலண்டர் தாள்ல. அந்த வரிசை ஒலகத்துல ஒரே ஒரு தாள்லதான் இருக்கு. வீடியோவை மொதத் தடவை பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வக்கீலு பக்க நம்பரைப் படிக்கப் படிக்க, அந்தாளு வாயை அடைக்கணும் போல இருந்துச்சு.

எம்மககிட்டப் பேசி ஒம்போது நாளாச்சு. போனை எடுக்க மாட்டேங்குறா. கடைசியாப் பேசுனப்ப, அந்தப் புகாரை வாபஸ் வாங்குங்கப்பான்னா. நீ யாரு பக்கம்னு கேட்டேன். அவ அழுகலை, சத்தம் போடலை. "அப்பா, எனக்கும் அவளுக்கும் ஒரே ஒரு கேள்விதாம்ப்பா வித்தியாசம். ரெண்டு பேரும் விடையை ஒத்துப்பாத்தோம். நான் முப்பத்தேழு போட்டேன், அவ நீங்க சொன்னதைப் போட்டா"ன்னா. ஒரு கேள்வின்னாலும் வித்தியாசம் வித்தியாசந்தான்னு சொன்னேன். வச்சுட்டா.

அவதான் குடுத்திருக்கா. வேற யாரு? கூட ஒக்காந்து சோறு தின்னவளுக்கு, பெத்தவன் கையெழுத்துத் தாளை எடுத்துக் குடுத்திருக்கா. எனக்கு நெஞ்சு எரியுது சார். பாண்டீஸ்வரி மேல கூட அப்புறந்தான். எம்மக எம்மொகத்துக்கு நேரா, நான்தான் குடுத்தேன்னு சொல்லட்டும். இல்ல, கையெழுத்தைப் போட்டுக் கோர்ட்டுக்கு வரட்டும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு நடக்கணும். இன்னைக்கு விட்டா மூணு வீடியோவும் ஏறிரும், ஊரே பாக்கும்.

கேஸு தோக்குமா? தோக்கட்டும். ஆனா எழுதிக் குடுக்காம விட மாட்டேன். பதினொண்ணும் என்னோடதுன்னு வரிசையா எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த ஒரு கேள்வியில பாண்டீஸ்வரிக்குப் போன ஒண்ணரை மார்க்கு யாரு வேலைன்னு நீதிபதி கேட்டாலும் சொல்லுவேன். அதுவும் என்னோடதுதான். வேற எவனும் அதுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

காலை மடக்குங்க சார், எறங்கணும்.